தெஹோன்: முன்னுதாரணம் அன்று, மேல்வரிச்சட்டம்

ஜப்பானியத் தூரிகை எழுத்துப் பயிற்சியைக் காட்டும் ஒரு படத்தில், ஆசிரியை தாம் எழுதிய தாளைச் சிறுமியின் இடப்பக்கம் வைத்துப் பார்த்தெழுதச் சொல்கிறார். அடியில் ஓடிய தமிழ் வரி, ‘இதை முன்னுதாரணமாகக் கொள்’ என்றது. அவர் வாயில் வந்த சொல் தெஹோன். அதைத் தமிழில் முன்னுதாரணம் ஆக்குவதை இதற்கு முன்பும் பலமுறை கண்டு மனம் நொந்திருக்கிறேன்.

தெ என்பது கை. பழைய வழக்கில் கையெழுத்தும் அதுவே. ஹோன் என்பது அடி, மூலம், நூல். பார்த்தெழுத வேண்டிய மூல எழுத்தாக இருந்த தெஹோன், பின்னர் பார்த்துப் பின்பற்றத்தக்க செயலுக்கும் மனிதருக்கும் விரிந்தது.

முன்னுதாரணமோ முன்பு நடந்து முடிந்த ஒன்று. வழக்காடுபவர் தம் பக்கம் வலுப்பெறத் தேடுவதும், அதிகாரி ‘இதற்கு முன்னுதாரணம் இல்லை’ என்று கோப்பைத் திருப்பி அனுப்புவதும் அந்தப் பொருளில்தான். அதற்கு ஜப்பானியத்தில் ஸென்ரெய் என்ற தனிச்சொல் உண்டு: ஸென் முன், ரெய் உதாரணம். உறுப்புக்கு உறுப்பு இவ்வளவு அழகாகப் பொருந்தும் தமிழ்ச்சொல்லைத் தெஹோனுக்குக் கொடுத்துவிட்டால், நாளை ஸென்ரெய் வரும் இடத்தில் எதை எழுதுவது? மேலும், முன்னுதாரணத்தைச் சான்றாகக் காட்டினால் போதும். தெஹோனையோ கோடு எங்கே அழுந்துகிறது, எங்கே நின்று திரும்புகிறது என்று பார்த்துப் பார்த்துக் கை பழக வேண்டும். மூலத்தை விட்டுவிட்டு ஆங்கில அகராதியின் ஒற்றைச் சொல்லிலிருந்து பெயர்ப்பவர்களுக்கு இந்த வேறுபாடு கண்ணிலேயே படுவதில்லை.

இதையொத்த மற்ற ஜப்பானியச் சொற்களையும் அவர்கள் இப்படித்தான் ஒரே குவியலாக்குகிறார்கள். மிஹோன் சரக்கின் மாதிரி; அங்கே ‘மாதிரி’ சரியே. பின்பற்றத்தக்க நல்ல எடுத்துக்காட்டைச் சொல்லும் மொஹான் சீனத்திலிருந்து வந்தது. அதன் இரு எழுத்துகளும் அச்சு, வார்ப்பு என்ற பொருள் கொண்டவை. மொஹான்ஷூ என்றால் நன்னடத்தைக் கைதி. அவரை ‘மாதிரிக் கைதி’ என்று எழுதினால் பொருளே கெடுகிறது. கண்ணாடியைக் குறிக்கும் ககாமி, ‘புஷி நோ ககாமி’ என்று வரும்போது வீரருக்கு இலக்கணமாக விளங்குபவரைச் சொல்கிறது. ‘நட்புக்கு இலக்கணம்’ என்று நாம் நாளும் பேசும் அந்த இலக்கணமே அதற்கு உரிய சொல்.

தெஹோனுக்கு நம்மிடம் மேல்வரிச்சட்டம் இருக்கிறது. மாணவர் பார்த்தெழுத ஆசிரியர் எழுதித் தரும் எழுத்துக்கு வழங்கிய பெயர் அது. அதுவும் தெஹோனைப் போலவே, பின்பற்றத்தக்க எதையும் குறிக்கும் பொருளுக்கு விரிந்தது. சட்டம் என்றதும் படிப்பவர் நீதிமன்றத்தை நினைப்பார் என்று தயங்குபவர்கள், பயிற்சித்தாள் கண்ணெதிரே தெரியும் இத்தகைய காட்சியிலேயே அதை முதலில் வழங்கட்டும். அந்தச் சிறுமியின் இடப்பக்கத் தாளைப் பார்ப்பவருக்கு ஐயம் எழ இடமே இல்லை.