உறைகடலில் எஞ்சின் ஏன் சூடேறுகிறது?

அண்டார்க்டிகா போகிற ஆராய்ச்சிக் கப்பல்கள் பனியில் இடித்துக்கொண்டே போகின்றனவே, டைட்டானிக் மட்டும் ஏன் மூழ்கியது என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். டைட்டானிக் மோதியது நிலத்துப் பனியாற்றிலிருந்து உடைந்து வந்த பனிமலையில். அதில் மோதினால் இன்றைய ஆராய்ச்சிக் கப்பலுக்கும் ஆபத்துதான், அதனால் ரேடாரில் பார்த்து விலகித்தான் போவார்கள். இந்தக் கப்பல்கள் இடித்துக்கொண்டு போவது கடல்நீரே உறைந்து மேலே மிதக்கும் கடற்பனியில்.

உதாரணத்துக்கு ஸ்பெயின் கடற்படையின் எஸ்பெரிடெஸ். கார்த்தஹேனா துறைமுகத்தில் கட்டப்பட்டு 1991-இல் சேவைக்கு வந்த, 82.5 மீட்டர் நீளக் கப்பல். ஓட்டுவது கடற்படை, கருவிகளைப் பராமரிப்பது அந்நாட்டு அறிவியல் ஆராய்ச்சி மன்றத்தின் தொழில்நுட்பப் பிரிவு. தென்கோளக் கோடையில் லிவிங்ஸ்டன் தீவிலும் டிசெப்ஷன் தீவிலும் உள்ள ஸ்பானிய நிலையங்களுக்கு ஆளும் பொருளும் கொண்டுபோகும், வழியெல்லாம் கடலை அளக்கும். டிசெப்ஷன் தீவு உயிருள்ள எரிமலை, 1970-இல்கூட வெடித்தது. அதன் வாய்க்குள் கடல் புகுந்து உண்டான குடாவுக்குள்தான் கப்பல் போய் நிற்கிறது! ராணுவத்துக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு: 1959-இல் கையெழுத்தான அண்டார்க்டிக் ஒப்பந்தம் ராணுவ நடவடிக்கைகளைத் தடை செய்கிறது, ஆனால் அறிவியல் பணிக்கு ராணுவ ஆட்களையும் கருவிகளையும் பயன்படுத்த அனுமதிக்கிறது.

எஸ்பெரிடெஸ் பனியுடைப்புக் கப்பல் அல்ல, பனியைத் தாங்கும்படி வலுவூட்டிய கப்பல். வலுவூட்டல் எப்படி என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு சாக்பீஸை இரு முனையிலும் பிடித்து உள்நோக்கி அழுத்தினால் எளிதில் நொறுங்காது, வளைத்தால் பட்டென்று ஒடியும். பனியும் அப்படித்தான், அதனால் முகப்பைச் சரிவாக அமைத்து, பனித்தட்டின் விளிம்பை அழுத்தி வளைத்தே ஒடிக்கிறார்கள். நீர்மட்டத்தை ஒட்டிய பட்டையில் தடித்த எஃகுத் தகடு, உள்ளே நெருக்கமான விலாச்சட்டங்கள், கடுங்குளிரிலும் கண்ணாடிபோல் விரிசல் விடாத எஃகு, பனிக்கட்டி பட்டாலும் முறியாத ப்ரொப்பெல்லர். பால்டிக் கடலுக்கென ஃபின்லாந்தும் ஸ்வீடனும் வகுத்த விதிகளில் இதற்கெல்லாம் படிநிலைகள் உண்டு: 0.4 மீட்டர் பனிக்கு ஒன்று என்று தொடங்கி 1 மீட்டர் வரை.

சரி, இப்போது எனக்கு மிகப் பிடித்த பகுதி. அதே விதிப்புத்தகத்தில், தகட்டுக்கும் ப்ரொப்பெல்லருக்கும் பிறகு, ஒரு தண்ணீர்ப் பெட்டியைப் பற்றிச் சில வரிகள் இருக்கின்றன. கப்பல் எஞ்சினியர்கள் அதை சீ செஸ்ட் என்பார்கள்.

எஸ்பெரிடெஸில் டீசல் எஞ்சின்கள் மின்சாரம் தயாரிக்கின்றன, அந்த மின்சாரத்தில் மோட்டார் ஓடி ப்ரொப்பெல்லரைச் சுற்றுகிறது. டீசல் எஞ்சின் என்றால் சூடு, சூட்டைத் தணிக்கக் கடல்நீர். கப்பலின் அடிப்பக்கத்தில் ஒரு துளை, அதன் மேல் கம்பித் தடுப்பு, உள்ளே நீர் வந்து சேர அந்தப் பெட்டி, அதிலிருந்து குழாய்வழியே உறிஞ்சி எஞ்சினுக்கு அனுப்பப் பம்பு. துருவக் கடலின் நீரோ மைனஸ் 1.8 டிகிரியை ஒட்டியது, எஞ்சினைக் குளிர்விக்க இதைவிட நல்ல தண்ணீர் கிடைக்குமா என்று தோன்றும். ஆனால் உலகின் மிகக் குளிர்ந்த கடலில்தான் எஞ்சின் சூடேறி நிற்கும் அபாயம் இருக்கிறது. காற்று அடித்துக் கலக்குகிற நீர், உறைநிலைக்கும் நூறில் சில பங்கு டிகிரி கீழே போய், ஊசியும் தட்டுமாய் நுண்ணிய பனிப்படிகங்களை உண்டாக்குகிறது. அந்த நிலையில் அவை பட்ட இடத்தில் ஒட்டிக்கொள்ளும், ஒட்டிய இடத்திலேயே வளரும். அதோடு முகப்பு உடைத்த பனித்தூளும் அடியில் வழுக்கி வருகிறது. பம்பு இதையெல்லாம் தானே இழுத்து வந்து கம்பித் தடுப்பில் அப்புகிறது. தண்ணீர் நிற்கிறது, எஞ்சின் வெப்பநிலை ஏறுகிறது, நிறுத்தியே ஆக வேண்டும். சுற்றிலும் பனி நகரும்போது எஞ்சின் நின்ற கப்பலின் கதி என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்கு விதிகள் சொல்லும் தீர்வைப் படித்தபோது எனக்கு எழுந்து நின்று கைதட்டத் தோன்றியது. பெட்டியை முடிந்தவரை கப்பலின் நடுக்கோட்டருகில், பின்பக்கமாக வை. அங்கே பனித்துண்டுகள் குறைவு. 750 கிலோவாட் எஞ்சின் திறனுக்கு ஏறக்குறைய ஒரு கன மீட்டர் என்று பெரிதாகக் கட்டு. அதாவது 3000 கிலோவாட்டுக்கு நாலாயிரம் லிட்டர். கம்பித் தடுப்பின் திறப்பு, உறிஞ்சும் குழாயின் பரப்பைவிட நான்கு மடங்குக்குக் குறையக்கூடாது. அப்போது நீர் மெதுவாக உள்ளே வரும், பனியை வலிந்து இழுக்காது. பெட்டி உயரமாக இருக்கட்டும்; பனி மிதக்கும் பொருள், உள்ளே வந்தாலும் மேலே போய்ச் சேரும், கீழே இருக்கும் குழாய் வெறும் நீரை எடுத்துக்கொள்ளும். அப்புறம் கடைசி உத்தி: எஞ்சினைக் குளிர்வித்துச் சூடாகி வெளியேறும் நீரைக் கடலில் கொட்டாமல், வேண்டுமானால் முழுவதையும்கூடத் திரும்ப அதே பெட்டிக்குள் விடும் அளவுக்கு ஒரு குழாய். எஞ்சின் கழித்த வெப்பமே எஞ்சினின் மூச்சுக்குழலை அடைக்கும் பனியை உருக்குகிறது! எவ்வளவு நீரைத் திருப்பிவிடுவது என்பது எஞ்சினியரின் கையில் இருக்கிற வால்வு. அதிகம் விட்டால் குளிர்ச்சி போதாது, குறைத்தால் பனி அடைக்கும். தனியாக ஹீட்டர் இல்லை, தனி எரிபொருள் இல்லை, பனி மிதக்கும் என்ற பள்ளிக்கூட இயற்பியலும் ஒரு குழாயும் போதும்.

நம் நாட்டுக்கு வருகிறேன். 1981 டிசம்பரில் கடல் விஞ்ஞானி எஸ். இசட். காசிம் தலைமையில் கோவாவிலிருந்து புறப்பட்ட முதல் இந்திய அண்டார்க்டிக் பயணம் போலார் சர்க்கிள் என்ற நார்வே கப்பலில், வாடகைக்கு. அதன்பிறகும் வாடகைக் கப்பல்களை நம்பித்தான் போய்வருகிறோம். சொந்தத் துருவக் கப்பலுக்காக 2025 ஜூனில் கொல்கத்தாவின் ஜிஆர்எஸ்இ கப்பல்கட்டும் தளம் நார்வேயின் கோங்ஸ்பெர்க் நிறுவனத்தோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. எனக்கு மகிழ்ச்சிதான், ஆனால் கட்டும் செலவைப் பற்றி மட்டும் பேசுகிறோம் என்பது கவலை. வாடகைக் கப்பலில் கடலடியை அளக்கும் எதிரொலிமானியை நம் விருப்பப்படி பொருத்த முடியாது, அதனால் சொந்தக் கப்பல் வேண்டும். வந்தபிறகு ஒவ்வோர் ஆண்டும் உலர்துறையில் ஏற்றிப் பழுதுபார்க்கவும், கருவிகளுக்கென நிரந்தரத் தொழில்நுட்பக் குழுவை வைத்திருக்கவும் தனி நிதி வேண்டும். மாலுமிகள் ஒரு துறைக்கு, கருவிகள் இன்னொரு துறைக்கு என்று ஸ்பெயின் பிரித்துக்கொண்டதைப்போல நாமும் கப்பல் நீரில் இறங்குவதற்கு முன்பே யார் எதற்குப் பொறுப்பு என்று எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.