இளையோரின் கோப்பையில் சிறப்புத் தேயிலை

ஊட்டச்சத்து ஆலோசனைக்காக என்னிடம் வரும் யாழ்ப்பாணத்து இளையோரில் பலர் இப்போது தேயிலை பற்றிக் கேட்கிறார்கள். பச்சைத் தேயிலை குடித்தால் உடல் மெலியுமா, ஆவாரம்பூக் குடிநீர் நீரிழிவுக்கு நல்லதா, வெண்தேயிலைக்கு ஏன் அவ்வளவு விலை என்பன அவர்களது வழமையான கேள்விகள். பெற்றோருக்குத் தேத்தண்ணீர் என்றால் சாயம் நன்றாக இறங்கி, சீனி தாராளமாகச் சேர்ந்த ஒரே பானந்தான். பிள்ளைகளோ அதில் வகைகள் உண்டென்பதைக் கைபேசி வழியாக அறிந்து தேடி வாங்குகிறார்கள். இந்த ஆர்வத்தை மனமார வரவேற்கிறேன். ஆயினும் அது பெரும்பாலும் மருந்து தேடும் ஆர்வமாக இருப்பது எனக்குக் கவலை தருகிறது. மெலிவதற்கென்று பச்சைத் தேயிலை வாங்கியவர், கசப்பைச் சகித்துச் சில வாரங்கள் குடித்துவிட்டு, எடை குறையவில்லையென்று பழைய பாற்தேநீருக்கே திரும்புவதை அடிக்கடி காண்கிறேன். சுவை பிடித்துத் தொடர்பவரின் கோப்பையிலோ சீனி மெல்லமெல்லக் குறைந்துவிடுகிறது.

அந்தக் கசப்புக்குப் பெரும்பாலும் காய்ச்சும் முறையே காரணம். பச்சைத் தேயிலைக்கு 70 முதல் 80 பாகை செல்சியஸ் வரையான வெந்நீரும் இரண்டு, மூன்று நிமிடங்களும் போதும். கொதிநீரை ஊற்றி நெடுநேரம் விட்டால் துவர்ப்பு மேலோங்கிவிடும். கறுப்புத் தேயிலைக்குத்தான் கொதிநீர் வேண்டும், அதுவும் மூன்று முதல் ஐந்து நிமிடங்கள் வரையே.

நம் ஊரில் தண்ணீரையும் கவனிக்க வேண்டும். குடாநாடு சுண்ணக்கல்லின் மேல் அமைந்திருப்பதால் பல கிணறுகளின் நீர் சுண்ணாம்புச்சத்து மிகுந்த வன்னீராக இருக்கிறது; கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படிவை எல்லோரும் அறிவோம். அந்த நீரில் ஊறும் தேயிலையின் மணம் அமுங்கி, நிறம் மங்கி, மேலே மெல்லிய ஆடை போன்ற படலமும் படர்வதால், நுவரெலியாவில் குடித்து மகிழ்ந்த அதே தேயிலை இங்கே சப்பென்றிருப்பதாகப் பிள்ளைகள் குறைப்படுகிறார்கள். நீரை ஒருமுறை கொதிக்கவைத்து, படிவு அடங்கியபின் தெளிவை இறுத்து மீண்டும் சூடாக்கினாலோ, வடிகட்டிய நீரைப் பயன்படுத்தினாலோ வேறுபாடு நன்றாகத் தெரியும். தேசிக்காய்ச் சாறு சில துளிகள் விட்டாலும் படலம் கலைந்துவிடும்.

இவ்வளவும் செய்தபின், சாயத்துக்காக விற்கப்படும் தூள் தேயிலையை ஒருபுறம் வைத்துவிட்டு, இடத்துக்கிடம் மாறும் இலைகளைச் சீனியின்றிச் சுவைத்துப் பாருங்கள். நுவரெலியாத் தேயிலை வெளிர்நிறமும் மென்மணமும் உடையது. ஊவாத் தேயிலை யூலை முதல் செப்டெம்பர் வரை, வறண்ட கச்சான் காற்று கொழுந்தை வாட்டும் காலத்தில், தனக்கே உரிய குளிர்ந்த நறுமணத்தைப் பெறுகிறது. தாழ்நில ருகுணுத் தேயிலை கடுஞ்சாயமும் திடமும் கொண்டது. வெண்தேயிலையின் விலைக்குக் காரணம், விரியாத மொட்டுகளை மட்டும் ஒவ்வொன்றாகக் கையாற் பறிக்கும் உழைப்பு. மலையகத் தமிழ்ப் பெண்களின் விரல்கள் அதில் பெரும் பங்கேற்கின்றன என்பதையும் இளையோர் அறிந்திருக்க வேண்டும்.

இனிப்பு வேண்டுமென்பவர்களுக்கு, பனங்கட்டியைச் சிறிது கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணீர் குடிக்கும் நம் பழைய வழக்கத்தைச் சொல்கிறேன். பனங்கட்டியும் பெரும்பாலும் சர்க்கரையே. ஆனாலும் கோப்பைக்குள் கரையாததால் தேயிலையின் சுவை மறையாது, அளவும் கையில் நிற்கும். இளையோர் விரும்பும் பபிள் ரீயிலோ பாகிலும் மாவுருண்டைகளிலும் கலந்திருக்கும் சர்க்கரையின் அளவு குடிப்பவருக்குத் தெரிவதே இல்லை. சேர்க்கப்படும் சர்க்கரையை நாளொன்றுக்குச் சுமார் 25 கிராமுக்குள் வைப்பது மேலும் நன்மை தரும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஏறத்தாழ ஆறு மட்டமான தேக்கரண்டிதான்.

பெண்பிள்ளைகளுக்குக் குறிப்பாக ஒன்று சொல்லவேண்டும். சோறும் பருப்பும் கீரையும் உண்ட கையோடு தேநீர் குடித்தால், அதிலுள்ள பொலிபீனோல்கள் என்னும் தாவரச் சேர்மங்கள் அவ்வுணவின் இரும்புச்சத்து உறிஞ்சப்படுவதை வெகுவாகக் குறைக்கின்றன. குருதிச்சோகை உள்ளவர்கள் சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடையில் ஒரு மணி நேரமாவது விட வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையை ஒருபோதும் தேநீருடன் விழுங்கலாகாது. இரும்புச்சத்து நன்றாக உறிஞ்சப்பட, உணவோடு நெல்லிக்காயோ கொய்யாப்பழமோ சேர்த்துக்கொள்வது நல்லது.

மூலிகைத் தேநீர்களை இயற்கையானவை என்பதாலேயே தீங்கற்றவை என்று பலர் நம்புகிறார்கள். மெலிவதற்கென்று விற்கப்படும் சில பொதிகளில் நிலாவிரை இருக்கிறது. அது வயிற்றைக் கழியச் செய்து உடலின் நீரைக் குறைக்கிறதே தவிரக் கொழுப்பைக் கரைப்பதில்லை, நாட்பட எடுத்தால் பொட்டாசியமும் இழக்கப்படும். அதிமதுரத்தை அளவுக்கு மீறி அருந்தினால் இரத்த அழுத்தம் உயரக்கூடும். நீரிழிவுக்கு மருந்தெடுப்பவர்கள் ஆவாரம்பூவைத் தொடர்ந்து அருந்துவதாயின் மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டும். ஆலோசனைக்கு வரும்போது, நீங்கள் குடிக்கும் மூலிகைத் தேநீரின் பொதியையும் கூடவே கொண்டுவாருங்கள். உட்சேர்க்கைகளை இருவருமாகப் பார்த்துவிடலாம்.