பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் ஒரு தடவை மாட்டிப் பாருங்கள்

போன மாதம் கோவையில் எங்கள் கடைக்கு ஒரு ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். 245 கார் வந்தது, பின்னாலேயே ஒரு குட்டியானையில் அதன் தோற்றத்தை மாற்றுவதற்கான பாடி கிட்டும் வந்தது. முன் பம்பர், கதவுகளுக்குக் கீழே ஓடும் இரண்டு சைடு ஸ்கர்ட், பின் பம்பருக்கு அடியில் மாட்டும் டிஃப்யூசர். எல்லாம் பைபர், அதாவது கண்ணாடி நார்த் துணியில் ரெசின் ஊற்றிச் செய்தது, எல்லாமே வண்டி நிறத்தில் பெயின்ட் அடித்து பளபளவென்று இருந்தன. “அண்ணா, மாட்டினா மட்டும் போதும்” என்றார் வண்டிக்காரத் தம்பி. நானும் ஒரு பையனும் பம்பரைத் தூக்கிப் பிடித்தோம். வலது ஹெட்லைட்டுக்குக் கீழே சந்து சரியாக இருந்தது, இடது பக்கம் என் சுண்டுவிரல் உள்ளே போனது.

இதைச் சரிசெய்ய வேண்டுமென்றால் பைபரை வெட்டி, துணி வைத்து ரெசின் போட்டு, பட்டி பார்த்து, திரும்ப முதலிலிருந்து பெயின்ட் அடிக்க வேண்டும். விற்றவரிடம் கேட்டால் பெயின்ட் அடித்ததை ரிட்டர்ன் எடுக்க மாட்டோம் என்கிறார். என்னைக் கேட்டால் கிட்டைப் பெயின்ட் இல்லாமல்தான் வாங்க வேண்டும், வந்த அன்றே வண்டியில் பிடித்துப் பார்க்க வேண்டும், பெயின்ட் கடைசி வேலை.

வாங்கும்போது பொருள் என்னவென்று பாருங்கள். கம்பெனி பம்பரைக் கழற்றித் திருப்பினால் உள்பக்கம் ‘பிபி’ என்ற எழுத்து அச்சாகியிருப்பதைப் பெரும்பாலும் பார்க்கலாம், பாலிப்ரொப்பிலீன். இடித்தால் வளையும், பல சமயம் பழையபடி திரும்பிவிடும். ஆனால் இதில் பெயின்ட் சுலபத்தில் ஒட்டாது, பிளாஸ்டிக் பிரைமர் போடாமல் அடித்தால் ஒரு வாட்டர் வாஷிலேயே தோல் உரிவதுபோல் உரியும். ஏபிஎஸ் என்ற இன்னொரு பிளாஸ்டிக் கொஞ்சம் விறைப்பு, அளவு நன்றாக வரும். பைபர் விலை குறைவு, உடைந்தால் ஒட்டவும் முடியும், ஆனால் வளையாது, விரிசல்தான் விடும். அதோடு அச்சிலிருந்து அவசரமாக எடுத்த பைபர் வெயிலில் நின்று நின்று கொஞ்சம் கொஞ்சமாக இறுகும், அப்போது பெயின்டுக்கு அடியில் துணியின் நெசவு மேலே தெரிய ஆரம்பிக்கும். அதனால் பைபர் வந்தால் சில நாள் வெயிலில் போட்டுவிட்டுத்தான் நாங்கள் பட்டியைத் தொடுகிறோம்.

டர்போ வண்டிக்கு முன் பம்பர் வெறும் முகம் அல்ல. கீழே இருக்கும் வாய் வழியாகத்தான் டர்போ அனுப்பும் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும் ரேடியேட்டருக்கும் காற்று போகிறது. அழகுக்காக அந்த வாயைச் சின்னதாக்கிய பம்பரைப் போட்டால் கோடையில் இன்ஜின் தானாகவே பவரைக் குறைத்துக்கொள்ளும், அப்புறம் பவரைக் கூட்ட இன்ஜின் கம்ப்யூட்டரில் செய்த ரீமேப் சரியில்லை என்று அதைச் செய்த ட்யூனரிடம் சண்டை போடுவீர்கள். புது வண்டிகளில் முன்னால் ரேடார் வேறு இருக்கும், அதன் முன்னால் பட்டியும் பெயின்டுமாகத் தடிமன் ஏற்றினால் அது சரியாகப் பார்க்காது.

டிக்கி மேல் பெரிய விங் கேட்டு வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், 60இல் கிடைப்பதைப்போல் நான்கு மடங்கு 120இல் கிடைக்கும், அதாவது அவிநாசி ரோட்டு டிராஃபிக்கில் அது துணி காயப்போடத்தான் ஆகும். ஆக்டேவியா முன்சக்கரம் இழுக்கும் வண்டி, பின்னால் மட்டும் அழுத்தினால் இழுக்கிற சக்கரத்துக்கு என்ன லாபம்?

உயரத்தை வண்டி காலியாக நிற்கும்போது அளக்காதீர்கள். டேங்க் நிரப்பி, நான்கு பேரை உட்காரவைத்து அளந்து பாருங்கள். இந்தியச் சாலைத் தரப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் இருக்க வேண்டும், நம் தெருவில் இரவோடு இரவாக முளைத்த வேகத்தடைக்கு அது தெரியாது. பம்பருக்கு அடியில் மாட்டும் லிப் கீழே இறங்குவதைவிட முன்னால் நீள்வதுதான் அதிகம் இடிக்கும், அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் சரிவில் போய்ப் பாருங்கள்.

மாட்டும் விதத்தில்தான் நிறைய வண்டிகள் கெடுகின்றன. ஸ்கர்ட் போட பாடியில் துளை போட்டுச் சாதாரண ஸ்குரூவை முறுக்கிவிடுவார்கள், துளையின் விளிம்புக்கு ஒரு சொட்டு பெயின்ட்கூட வைக்க மாட்டார்கள், இரண்டு மழைக்காலம் போனால் உள்ளுக்குள்ளேயே துரு. கதவுக்குக் கீழே தண்ணீர் வடியச் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும், அதை அடைக்கக் கூடாது, ஜாக்கி வைக்கும் இடத்தையும் மூடக் கூடாது. ஸ்குரூ இல்லாமல் இருபக்க டேப்பில் ஒட்டுவதானால் முதலில் பாலிஷும் மெழுகும் போகிற வரை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடைக்க வேண்டும், அழுத்தி ஒட்ட வேண்டும், மூன்று நாளைக்கு வாட்டர் வாஷ் கிடையாது. ஒட்டின அன்றே பைபாஸில் விரட்டிப் பார்க்கிறவர்களின் லிப்தான் ரோட்டோரம் கிடக்கிறது.

பதிவுச் சான்றில் இருக்கும் விவரம் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதைக் கறாராகச் சொன்னது. அதனால் வண்டியின் கட்டமைப்பை வெட்டும் வேலையை நான் எடுப்பதில்லை. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதிக் கொடுத்துவிடுங்கள், பாலிசியில் ஏறாத கிட்டுக்கு க்ளெய்ம் கேட்டு நிற்க முடியாது.

சரி, அந்தத் தம்பி கதை. ஆர்.எஸ். 245 இந்தியாவுக்கு 2020இல் மொத்தமே 200தான் வந்தது, ஒரிஜினல் பம்பரை வெட்டவோ விற்கவோ வேண்டாம் என்று பேசிப் பேசி ஒத்துக்கொள்ள வைத்தேன். ஸ்கர்ட்டும் டிஃப்யூசரும் ஓரளவு உட்கார்ந்தன, மாட்டியாயிற்று. முன்னால் ஒரிஜினல் பம்பருக்குக் கீழே சின்னதாக ஒரு பிபி லிப் மட்டும் போட்டோம். அந்த பைபர் பம்பர் இன்னும் எங்கள் கடைச் சுவரில்தான் சாய்ந்து நிற்கிறது, இடது ஹெட்லைட் கொஞ்சம் இறங்கின வண்டி யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.