இம்பீடன்ஸ் – மின்மறிப்பு

வயர்லெஸ் செட்டின் மைக் சாக்கெட்டையும் பெற்ற குரலை மறுபடி ஒலிபரப்பும் ரிப்பீட்டர் நிலையத்தின் கன்ட்ரோலரையும் இணைப்பதற்காக, பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் ‘600 ஓம் டிரான்ஸ்பார்மர்’ கேட்டு வாங்கிவரும் நம் தமிழ் ஹாம் (பொழுதுபோக்கு வானொலி) அன்பர்கள் சிலர், மல்டிமீட்டர் அதில் மிகக் குறைந்த ஓம்களைக் காட்டுவதைக் கண்டு, கடைக்காரர் வேறு பொருளைக் கொடுத்துவிட்டார் என்று எண்ணிவிடுகின்றனர். பொருள் சரியானதே. மீட்டர் காட்டுவது கம்பிச்சுருளின் மின்தடை. 600 ஓம் என்பதோ, எந்த இம்பீடன்ஸுடன் (மாறுமின்னோட்டத்துக்கு ஏற்படும் மொத்தத் தடுப்புடன்) இணைவதற்காக அது செய்யப்பட்டது என்பதைக் குறிக்கும் எண்.

இம்பீடன்ஸ் என்ற சொல்லை 1886இல் உருவாக்கியவர் ஆங்கிலேய மின்னியல் அறிஞர் ஆலிவர் ஹெவிசைடு. காலைக் குறிக்கும் ‘பெஸ்’ என்ற சொல்லை அடியாகக் கொண்டு, காலைத் தளையிட்டு நடையைத் தடுத்தல் என்னும் பொருளில் அமைந்த ‘இம்பெடீரே’ என்ற லத்தீன் வினையே இதன் வேர். மாறுமின்னோட்டத்துக்குக் கம்பியின் தடை மட்டுமன்றி, சுருளும் மின்தேக்கியும் அதிர்வெண்ணுக்கு ஏற்பக் கூட்டியும் குறைத்தும் தரும் தடுப்பும் உண்டு என்பதால், இவை அனைத்தையும் சேர்த்துச் சுட்ட ஒரு தனிப்பெயர் தேவைப்பட்டது.

தமிழில் மின்னெதிர்ப்பு, மின்மறுப்பு, மின்மறிப்பு ஆகிய மூன்றும் புழங்குகின்றன. மின்மறுப்பு என்பது சுருளும் மின்தேக்கியும் தரும் தடுப்பை மட்டும் குறிக்கும் ரியாக்டன்ஸ் என்னும் வேறோர் அளவுக்கும் வழங்குகிறது. மின்னெதிர்ப்பு என்றாலோ மின்தடையே நினைவுக்கு வருகிறது. வழிமறித்தல், மறியல் என்று நாம் அன்றாடம் சொல்லும் ‘மறி’ என்ற வேரிலிருந்து பிறந்த மின்மறிப்பே குழப்பமற்றது என்பது என் துணிபு.

இதன் பயன் மைக் இணைப்பில்தான் நன்கு விளங்கும். மின்னழுத்தம் கொடுத்தால்தான் இயங்கும் எலெக்ட்ரெட் வகை மைக்குக்காகப் பல செட்டுகள் மைக் முனையிலேயே சிறிய நேர்மின்னழுத்தத்தை வைத்திருப்பதால், கன்ட்ரோலரின் வெளியீட்டை அதில் நேரடியாக இணைக்கலாகாது; இடையில் ஒரு மின்தேக்கி வேண்டும். நேர்மின்னோட்டத்தை முற்றிலும் மறிக்கும் 1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி, 3000 ஹெர்ட்ஸில் சுமார் 53 ஓமும் 300 ஹெர்ட்ஸில் சுமார் 530 ஓமும் மறிக்கிறது. அவ்விடத்தில் 0.01 மைக்ரோஃபாரட் போட்டால் 300 ஹெர்ட்ஸில் மறிப்பு 53,000 ஓமாகிவிடும். 600 ஓம் உள்ளீட்டில் குரலின் கனமெல்லாம் போய், கீச்சென்ற ஒலியே மிஞ்சும். 10 மைக்ரோஃபாரட் இருந்தால் கவலையில்லை.

மைக் உள்ளீட்டுக்குச் சில மில்லிவோல்ட்டுகளே போதும் என்பதால், கன்ட்ரோலர் 1 வோல்ட் தருமானால் அதைக் குறைக்கவும் வேண்டும். தொடராக 10 கிலோ ஓம், அதன் மறுமுனையிலிருந்து தரைக்கு 100 ஓம் என இரண்டு மின்தடைகளை வைத்தால் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு, அதாவது 10 மில்லிவோல்ட், கிடைக்கும். மின்தேக்கியை இந்த 100 ஓமுக்கும் மைக் முனைக்கும் நடுவே வைக்க வேண்டும். நேர், எதிர் முனைகள் பார்த்து இணைக்க வேண்டிய எலெக்ட்ரோலிட்டிக் வகையாயின் அதன் நேர்முனை செட்டின் பக்கம் இருக்க வேண்டும்.