கோபமும் குதூகலமும் ஆங்கிலத்தில்: மரபுத்தொடர்கள் சறுக்கும் இடங்கள்

'வயிறு எரிகிறது' என்பதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னால், கேட்பவர் நெஞ்செரிச்சலுக்கு மாத்திரை எடுத்து நீட்டுவார். இந்த வகைத் தவறு பரவாயில்லை. எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்ததும் நமக்கே தெரிந்துவிடும். பொருள் சரியாகத் தெரிந்த தொடரை, அதன் அளவு தெரியாமல் எடுத்து வீசுவதுதான் சிக்கல். யாரும் திருத்த மாட்டார்கள்; 'இவர் கொஞ்சம் முரட்டு ஆள்' என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

இதற்கு முக்கியக் காரணம் பட்டியல்கள். ஐம்பது தொடர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு சொல். 'சீ ரெட்', 'ஹிட் தி ரூஃப்', 'ஃப்ளை ஆஃப் தி ஹேண்டில்', 'டிரைவ் மீ அப் தி வால்' என நான்குக்கும் எதிரே 'மிகுந்த கோபம்' என்று போட்டிருக்கும். நான்கும் நான்கு வேறு கோபங்கள்.

பக்கத்து மேசைக்காரர் நாள் முழுக்கப் பேனாவைத் தட்டிக்கொண்டே இருந்தால் அது 'கெட்ஸ் ஆன் மை நர்வ்ஸ்'. கோபம்கூட இல்லை, எரிச்சல். அதே தட்டல் வாரக்கணக்கில் நீண்டு பைத்தியம் பிடிப்பது போல் ஆனால் 'டிரைவ்ஸ் மீ அப் தி வால்'. இரண்டும் திரும்பத் திரும்ப நடக்கும் விஷயத்துக்கே பொருந்தும். 'சீ ரெட்' அப்படியல்ல. ஒரே நொடியில் உள்ளே மூளும் கோபம் அது. வெளியே தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. 'ஹிட் தி ரூஃப்' என்றால் கட்டாயம் வெளியே தெரியும்: ஆள் கத்தியிருக்கிறார். 'ஃப்ளை ஆஃப் தி ஹேண்டில்' என்பதில் கோபத்தோடு ஒரு தீர்ப்பும் சேர்ந்து வருகிறது. காம்பில் சரியாகப் பொருத்தாத கோடரித் தலை, ஓங்கும்போது கழன்று பறப்பதிலிருந்து வந்த தொடர் அது. அற்ப விஷயத்துக்குக் கட்டுப்பாடு இழந்தார் என்று குறை சொல்வது போல. அதனால்தான் மன்னிப்புக் கேட்கும்போது 'சாரி, ஐ ஃப்ளூ ஆஃப் தி ஹேண்டில்' என்பது இயல்பாக அமைகிறது. இதையே மேலதிகாரியைப் பற்றி மற்றவர்களிடம் சொன்னால், 'அவருக்கு நிதானம் இல்லை' என்றுதான் அர்த்தம்.

இன்னொரு சிக்கல் சூடும் குளிரும். தமிழில் மகிழ்ச்சி குளிர்ச்சியானது: மனம் குளிர்கிறது, உச்சி குளிர்கிறது, கண் குளிரப் பார்க்கிறோம். ஆங்கிலத்தில் அன்புக்கும் மகிழ்ச்சிக்கும் வெதுவெதுப்புதான். வரவேற்பு 'வார்ம்', நெகிழ வைக்கும் செய்தி 'ஹார்ட்வார்மிங்'. குளிர் என்றாலே அங்கே உணர்ச்சி இல்லை, ஒட்டுதல் இல்லை என்று பொருள். 'இட் லெஃப்ட் மீ கோல்ட்' என்றால் அது என் மனதைத் தொடவே இல்லை. 'கோல்ட் ஷோல்டர்' என்றால் வேண்டுமென்றே முகம் கொடுக்காமல் இருப்பது. பாராட்டிய ஒருவரிடம் உங்கள் பேச்சு என் மனதைக் குளிர்வித்தது என்று ஆங்கிலத்தில் சொன்னால், பாராட்டு தலைகீழாகப் போய்ச் சேரும்.

கோபத்தின் சூடு மட்டும் இரண்டு மொழிக்கும் பொது. ரத்தம் கொதிப்பது அங்கேயும் கொதிப்புதான். ஆனால் வாக்கிய அமைப்பு வேறு. நாம் 'எனக்கு ரத்தம் கொதிக்கிறது' என்போம். அங்கே கொதிக்க வைக்கும் விஷயம்தான் எழுவாய்: 'இட் மேக்ஸ் மை பிளட் பாயில்'. பெரும்பாலும் அநியாயத்தைக் கண்டு வரும் கோபத்துக்கே இது வரும். பேருந்து தாமதமானதற்கெல்லாம் ரத்தத்தைக் கொதிக்கவிட வேண்டாம்.

உறுப்புகளை நம்பியும் ஏமாறலாம். நமக்கு மகிழ்ச்சியில் தலை கால் புரியாது. ஆங்கிலத்தில் தலையும் வாலும் புரியாவிட்டால் ('காண்ட் மேக் ஹெட் ஆர் டெய்ல் ஆஃப் இட்') சொன்ன விஷயமே விளங்கவில்லை என்று பொருள். 'ஹெட் ஓவர் ஹீல்ஸ்' என்றால் காதலில் விழுந்தாயிற்று. வயிறும் அப்படியே. வயிற்றில் புளியைக் கரைத்தால் நமக்கு அது கடும் பீதி. அவர்களுக்கு வயிற்றில் பட்டாம்பூச்சி பறந்தால் மேடை ஏறும் முன் வரும் படபடப்பு மட்டுமே. பிள்ளையைக் காணவில்லை என்று தேடும் தாய்க்குப் பட்டாம்பூச்சி பறக்காது.

பயத்தில் அதிகம் அடிபடும் தொடர் 'கோல்ட் ஃபீட்'. பாம்பைப் பார்த்ததும் 'கோல்ட் ஃபீட்' வராது. செய்வதாக முடிவெடுத்த ஒன்றை, நேரம் நெருங்கும்போது தைரியம் போய்ப் பின்வாங்குவதற்குத்தான் அது. பாம்பு திடீரென்று எதிரில் வந்தால் 'ஐ நியர்லி ஜம்ப்ட் அவுட் ஆஃப் மை ஸ்கின்'. அந்தப் பாம்பு காலருகே ஊர்ந்து போய் முடியும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றால் 'மை ஹார்ட் வாஸ் இன் மை மௌத்'.

மகிழ்ச்சியில் ஆபத்து குறைவு. 'ஓவர் தி மூன்' சொல்ல ஒரு நற்செய்தி வேண்டும்: தேர்ச்சி, குழந்தை, வேலை. சாதாரண மதியச் சாப்பாட்டுக்கு நிலாவைத் தாண்ட வேண்டியதில்லை. 'டிக்கிள்ட் பிங்க்' கொஞ்சம் பழைய வாடை. இளைஞர் வாயில் வந்தால் விசித்திரமாக ஒலிக்கும்.

துக்கத்தில் மட்டும் மிகுந்த கவனம் தேவை. 'டவுன் இன் தி டம்ப்ஸ்' என்பது லேசான மனச்சோர்வு. அப்பாவை இழந்தவரைப் பற்றி அப்படிச் சொல்லவே கூடாது. மரணத்துக்கான 'கிக் தி பக்கெட்' கிண்டல் தொனி கொண்டது, நம் 'மண்டையைப் போட்டான்' போல. இரங்கல் சொல்லும்போது மரபுத்தொடரே வேண்டாம். 'ஐ ஆம் ஸோ சாரி ஃபார் யுவர் லாஸ்' போதும்.

அடுத்து வடிவம். இந்தத் தொடர்கள் வார்ப்பில் ஊற்றியவை. 'ஹிட் தி ரூஃப்' என்பதைச் செயப்பாட்டு வினையாக்கினால் உண்மையான கூரைதான் அடிபடும். 'ஹிட்' இறந்தகாலத்திலும் 'ஹிட்' என்பதால், பலர் நடுவே ஒரு 'வாஸ்' நுழைத்துவிடுகிறார்கள், வேண்டாம். 'வெரி ஓவர் தி மூன்' தவறு, 'அப்ஸல்யூட்லி ஓவர் தி மூன்' சரி. கோபத்தில் தன்னிலை மறப்பதைச் சொல்லும் 'பிசைட் மைசெல்ஃப் வித் ரேஜ்' என்பதில் 'பிசைட்ஸ்' என்று கடைசியில் 'ஸ்' சேர்ந்தால் பொருள் சிதறும். பேசப்படும் ஆளுக்கேற்ப 'மைசெல்ஃப்', 'ஹிம்செல்ஃப்' மாற வேண்டும். 'பர்ஸ்ட் இன்டு டியர்ஸ்', 'பர்ஸ்ட் அவுட் கிரையிங்' இரண்டும் சரி. இன்டுவையும் அவுட்டையும் இடம் மாற்றினால் இரண்டும் தப்பு. சலித்துப்போனதைச் சொல்லும் 'ஃபெட் அப்' பின்னால் 'வித்', 'சிக் அண்ட் டயர்ட்' பின்னால் 'ஆஃப்'. உச்சரிக்கும்போது அழுத்தம் பெரும்பாலும் கடைசி முக்கியச் சொல்லில் விழும்: மூன், ரூஃப், வால். எல்லாச் சொல்லையும் சமமாக அழுத்தினால் மனப்பாடம் ஒப்பிப்பது போல் இருக்கும்.

நாடும் முக்கியம். பொறுமை தீர்ந்துபோனால் பிரிட்டனில் 'அட் தி எண்ட் ஆஃப் மை டெதர்', அமெரிக்காவில் 'ரோப்'. 'மேட்' என்றால் அமெரிக்காவில் கோபம். பிரிட்டனில் முதலில் தோன்றுவது பைத்தியம். 'பிஸ்ட்' என்ற சொல்லை அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களில் கோபம் என்று கற்றுக்கொண்டு லண்டனில் சொன்னால், குடித்திருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்வார்கள். இரண்டு நாட்டிலும் அது கொச்சை. அலுவலகத்தில் எதற்கும் வேண்டாம்.

கற்கும் முறை எளிது, ஆனால் மெதுவானது. வாரத்துக்கு மூன்று தொடர் போதும். ஒவ்வொன்றையும் கேம்பிரிட்ஜ் அல்லது லாங்மேன் கற்போர் அகராதியில் பாருங்கள். பேச்சுவழக்கு, பழையது, பிரிட்டிஷ் என்று பக்கத்தில் சிறிதாகப் போட்டிருக்கும் குறிப்பைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். பொருளைவிட அதுதான் அவசியம். பிறகு யூகிளிஷ் தளத்தில் தொடரைத் தட்டினால், யூடியூப் காணொளிகளில் அதைச் சொல்லும் இடம் நேராக ஓடும். பிரிட்டிஷ், அமெரிக்க உச்சரிப்பைத் தனித்தனியாகவும் கேட்கலாம். பத்துப் பேர் சொல்வதைக் கேளுங்கள். யார் யாரிடம் சொன்னார், எதற்காக, சிரித்துக்கொண்டா சீறிக்கொண்டா என்று குறித்துக்கொள்ளுங்கள். நோட்டில் தமிழ்ப் பொருளுக்குப் பதில் ஒரு சூழலை எழுதுங்கள்: 'கோல்ட் ஃபீட்' எதிரே 'பயம்' என்று எழுதாமல், 'மேடை ஏற ஒரு மணி நேரம் முன்பு பெயரை வாபஸ் வாங்கினான்' என்று எழுதுங்கள். முதல் சில வாரம் கேட்டுப் புரிந்துகொண்டால் போதும், வாயால் சொல்ல அவசரமில்லை.

ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வு எழுதுவோருக்கு ஒரு வார்த்தை. பேச்சுத் தேர்வின் 7-ஆம் பேண்ட் (மதிப்பெண் நிலை) விவரிப்பிலேயே மரபுத்தொடர் பயன்பாடு பற்றி வருகிறது. சில இடங்களில் பொருத்தமில்லாமல் போவதையும் அது ஏற்கிறது. அதை நம்பிப் பதில் முழுக்கத் தொடர்களைத் திணிப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஒன்றிரண்டு நிமிடம் பேசும் இரண்டாம் பகுதியில், கதையின் உச்சத்தில் ஒன்று இயல்பாக விழுந்தால் போதும். எழுத்துத் தேர்வின் கட்டுரையில் இவை வேண்டாம். அலுவலக மின்னஞ்சலிலும் அப்படியே. அங்கே 'டிஸப்பாயின்டட்' என்ற ஒற்றைச் சொல்லே போதிய காரம். 'யுவர் மெயில் டிரோவ் மீ அப் தி வால்' என்று எழுதிவிட்டால், அடுத்த கூட்டத்தில் விளக்கம் கேட்பார்கள்.