தேயாத ரயர்தான் வெடிக்கிறது

“தம்பி, காத்தை மட்டும் ஒருக்காப் பாத்துவிடும். ரயரெல்லாம் புதுசு மாதிரித்தான் கிடக்கு.”

மே மாத நீண்ட வாரஇறுதிக்கு முந்திய வியாழக்கிழமை இதைக் குறைந்தது பத்துப் பேராவது என்னிடம் சொல்வார்கள். விக்டோரியா தினத்தோடுதான் ஒன்ராறியோவில் முகாம் போகிற காலம் தொடங்குகிறது. குளிர் முழுக்க ஏதோ ஒரு பண்ணை வளவில் மாத வாடகை கொடுத்து நிறுத்தியிருந்த முகாம் ட்ரெயிலரைப் பிக்கப்பில் கொழுவிக்கொண்டு, ஸ்காபரோவில் நான் வேலை செய்யும் ரயர் கடைக்கு வருவார்கள். விடிந்தால் சாண்ட்பாங்ஸ் பூங்கா, இல்லாவிட்டால் அல்கொன்குயின் பூங்கா. கூலருக்குள் இறைச்சி மஞ்சள் தடவித் தயாராகக் கிடக்கும். அந்த நேரத்தில் “நாலையும் மாத்தவேணும்” என்று சொல்கிறவனை யாருக்குப் பிடிக்கும்?

இந்த முறை வந்த அண்ணையின் ட்ரெயிலர் 26 அடி, இரட்டை அச்சு. மூன்று வருடத்துக்கு முன் பழசாக வாங்கியது. ரயர் வரிகளின் பள்ளத்துக்குள் விரல்நுனியை வைத்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி, ஆழம் அப்படியே இருந்தது. ஆனால் நான் தேடியது பள்ளத்தை அல்ல, நாலு இலக்கத்தை. ரயரின் ஓரச்சுவரில் டி.ஓ.ரி. என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசியில் அது இருக்கும். முதல் இரண்டும் கிழமை, அடுத்த இரண்டும் ஆண்டு. முழு வரிசையையும் ஒரு பக்கத்தில் மட்டும்தான் அடிப்பார்கள், அந்தப் பக்கம் எப்போதும் உள்பக்கமாகத் திரும்பியிருப்பது எங்கள் தலைவிதி. காட்போட் மட்டையை விரித்துக் கீழே படுத்து, போன் வெளிச்சத்தில் சேற்றைத் துடைத்துப் பார்த்தேன்: 2215. அதாவது 2015ஆம் ஆண்டின் 22ஆவது கிழமை.

“அண்ணை, உங்கடை கடைக்குட்டி எத்தினையாம் வகுப்பு?”

“மூண்டு. ஏன்?”

“இந்த ரயர் அவளுக்கு மூத்தது.”

கார் ரயர் தேய்ந்து சாகும். ட்ரெயிலர் ரயர் அநேகமாகத் தேயாமலே சாகும். வருடத்தில் நாலைந்து பயணம், மிச்ச நாளெல்லாம் ஒரே இடத்தில் பாரத்தைச் சுமந்தபடி வெயிலிலும் பனியிலும் நிற்கிறது. வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் றப்பரை வரட்டும். ஓடாத ரயருக்குள் இருக்கும் காப்பு எண்ணெய்ப் பசையும் மேலே வந்து சேராது. உள்ளே உருக்குக் கம்பிப் பட்டைகளையும் றப்பரையும் பிடித்துவைத்திருக்கும் ஒட்டு மெல்ல மெல்ல விட்டுக்கொடுக்கும். வெளியே வரி புதுசாகத் தெரியும். ஒருநாள் சூடும் பாரமும் சேர்ந்துகொண்டால் மேல்பட்டை முழுவதும் வாழைப்பட்டை உரிந்தமாதிரி கழன்று போகும்.

இரட்டை அச்சுக்கு இன்னொரு வேதனையும் இருக்கிறது. முகாமில் உங்கள் இடத்துக்குள் ட்ரெயிலரைப் பின்னுக்கு எடுத்து மடக்கும்போது, வேறு யாரையாவது ஓட்டவிட்டு நீங்கள் பக்கத்தில் நின்று சில்லுகளைப் பாருங்கள். முன்சில்லு ஒரு பக்கமாகவும் பின்சில்லு அதற்கு எதிர்ப்பக்கமாகவும் பிதுங்கும். ரிம் ஓரிடத்தில், ரயர் அடி ஓரிடத்தில். ட்ரெயிலர் சில்லு ஸ்டியரிங்குக்குத் திரும்பாது, நிலத்தில் இழுபட்டுத்தான் திரும்பும். அந்த முறுக்கல் ஒவ்வொன்றும் உள்பட்டைக்கு ஓர் அடி.

எத்தனை வருடத்தில் மாற்றலாம் என்று கேட்டால், மூன்றாம் வருடத்திலிருந்து ஒவ்வொரு பருவத்துக்கும் முன் கையால் தடவிப் பார்க்கச் சொல்வேன். வெடிப்பு, மேடு, ஓரிடத்தில் மட்டும் தேய்வு எதையாவது கண்டால் அன்றைக்கே கழற்றவேண்டும். ஒன்றும் இல்லையென்றாலும் ஐந்தாம் வருடம் முடியக் கழற்றவேண்டும். வியாபாரத்துக்காகச் சொல்கிறான் என்று நினைக்கிறவர்கள் நினைக்கட்டும், என் மச்சானுடைய ட்ரெயிலருக்கும் இதே கணக்குத்தான். பாவிக்காமல் பின்னுக்குத் தொங்கும் மேலதிக ரயருக்கும் வயது ஏறுகிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது பாரம். 7000 இறாத்தல் ட்ரெயிலர்கள் பலவற்றில் 3500 இறாத்தல் அச்சு இரண்டு இருக்கும். அவற்றில் நான் அடிக்கடி காணும் அளவு எஸ்.ரி. 205/75 ஆர் 14, பார வகுப்பு ‘சி’. எஸ்.ரி. என்றால் ட்ரெயிலருக்கென்றே செய்த ரயர். ஒரு ரயர் 50 பி.எஸ்.ஐ. காற்றழுத்தத்தில் 1760 இறாத்தல் தாங்கும். இரண்டு ரயர் 3520. அச்சின் எல்லையில் மிச்சம் 20 இறாத்தல், அதாவது ஒரு பை பாஸ்மதி. கொழுக்கி வழியாகப் பாரத்தில் ஒரு பங்கைப் பிக்கப் தாங்குகிறது, அது உண்மை. ஆனால் குசினியும் பிரிட்ஜும் ஒரே பக்கத்தில் இருந்தால் அந்தப் பக்க ரயர்களுக்குச் சுமை கூட. 40 கலன் தண்ணீர்த் தாங்கியை வீட்டிலேயே நிரப்பிக்கொண்டு போனால் அது மட்டும் 330 இறாத்தலைத் தாண்டும். எங்கள் ஆட்கள் இதற்கு மேல் பெரிய அடுப்பும் இரண்டு காஸ் சிலிண்டரும் இருபது பேருக்குச் சமைக்கும் சட்டியும் ஏற்றுவார்கள். லொறிகள் நிற்கும் தரிப்பிடங்களில் நிறுவைத் தட்டு இருக்கும், எல்லாம் ஏற்றிய பிறகு ஒருக்கால் நிறுத்துப் பாருங்கள். அதே அளவில் ‘டி’ வகுப்பு ரயர் 65 பி.எஸ்.ஐ.யில் 2040 இறாத்தல் தாங்கும். ரிம் அந்தக் காற்றுக்கும் பாரத்துக்கும் இடம் கொடுத்தால் நான் அதைத்தான் போடுவேன். ரிம்மின் பின்பக்கத்தில் எல்லை அடித்திருக்கும், பார்க்காமல் ஏற்றக்கூடாது.

காற்றைக் காலையில், வெயில் படமுன், ஓடமுன் பார்க்கவேண்டும். ட்ரெயிலரில் ஒட்டியுள்ள தகடு வேறு அளவு சொல்லாவிட்டால் ஓரச்சுவரில் உள்ள உச்ச அளவையே வைக்கலாம். வெப்பநிலை ஐந்தாறு பாகை செல்சியஸ் மாற ஒரு பி.எஸ்.ஐ. அளவு மாறும். மத்தியானம் நிறுத்திப் பார்த்துவிட்டுக் “காத்து கூடிப்போச்சு” என்று திறந்துவிடுகிறவர்கள் அடுத்த நாள் காலை குறைந்த காற்றில் ஓடுகிறார்கள். காற்றுக் குறைந்தால் சுவர் கூடுதலாக மடியும், மடிந்தால் சூடு.

காரில் கழற்றிய ரயரை ட்ரெயிலருக்குப் போடலாமா என்று கேட்பவர்களுக்குப் பதில்: வேண்டாம். எஸ்.ரி. ரயரின் சுவர் விறைப்பானது, பின்னுக்கு வரும் பெட்டி அலையாமல் இருக்க அது வேண்டும். அதே எஸ்.ரி. ரயரைக் காருக்கும் போடாதீர்கள். வேகமும் பார்க்கவேண்டிய ஒன்று. பழைய எஸ்.ரி. ரயர்களில் வேக எழுத்து எதுவும் இல்லாவிட்டால் மணிக்கு 65 மைல், அதாவது 105 கிலோமீற்றர்தான் எல்லை. 401 நெடுஞ்சாலையில் எல்லாரும் 120இல் போகிறார்கள் என்பது ரயருக்குத் தெரியாது.

இனி பலன்ஸ், அதாவது சில்லின் பாரம் சுற்றிவர ஒரே அளவாக இருக்கும்படி ரிம்மில் சின்னக் கட்டி அடிப்பது. “ட்ரெயிலருக்கு என்னத்துக்குப் பலன்ஸ், அதுக்குள்ள ஆர் இருக்கினம்?” என்று தொழில்காரர்களே கேட்பார்கள். புதுசாக வரும் ட்ரெயிலர்கள் பலவற்றில் அந்தக் கட்டி ஒன்றுகூட இல்லை. உள்ளே ஆள் இல்லாதபடியால்தான் பிரச்சினை. காரில் சில்லு துள்ளினால் ஸ்டியரிங் சொல்லும், ட்ரெயிலர் துள்ளினால் உங்களுக்குத் தெரியாது. தெரிவது முகாமில் போய்க் கதவைத் திறக்கும்போது: அலுமாரிப் பிணைச்சலின் ஸ்குறூ நிலத்தில், மிளகாய்த்தூள் போத்தில் கவிழ்ந்து சமையல் மேடையெல்லாம் சிவப்பு. ஓர் அக்கா மூன்று கோடையாகத் தூள் அள்ளினா. எல்லாக் குற்றமும் சில்லினது அல்ல, பனிக்காலம் முடிந்த றோட்டுக் குழிகளுக்கும் பங்கு உண்டு. ஆனால் நாலு சில்லையும் பலன்ஸ் செய்த பிறகு ஸ்குறூ கழல்வது நின்றது. துள்ளும் ரயர் அங்கங்கே கிண்ணம் கிண்ணமாகத் தேயவும் செய்யும்.

பலன்ஸ் செய்கிற விதம் இன்னும் முக்கியம். கார் ரிம்மின் நடுத்துளை அச்சு நுனியிலுள்ள ஹப்பில் பொருந்தி உட்காரும், ஆகவே மெசினில் கூம்பை அந்தத் துளைக்குள் இறுக்கிச் சுற்றினால் போதும். ட்ரெயிலர் ரிம் பலவற்றை நடுவில் பிடித்து வைத்திருப்பது நட்டுகளின் சரிந்த முனை, துளை அல்ல. துளை ஹப்பை விடப் பெரிதாக இருக்கும், சிலவேளை நடுவிலேயே இருக்காது. அண்ணையின் ரிம்மில் இதை அவருக்கே காட்டினேன். கூம்பில் வைத்துச் சுற்றியபோது மெசின் 3.5 அவுன்ஸ் கேட்டது. கழற்றி அரைச்சுற்றுத் திருப்பி மறுபடி இறுக்கிச் சுற்றினால் வேறோர் இடத்தில் 2 அவுன்ஸ் கேட்டது. ஒரே சில்லுக்கு இரண்டு கணக்கு. பிறகு நட்டுத் துளைகளிலேயே பிடிக்கும் விரல் தட்டைப் பூட்டிச் சுற்றினேன்: 1.25 அவுன்ஸ். திருப்பி வைத்தாலும் அதேதான். கூம்பை மட்டும் நம்பிக் கட்டி அடித்திருந்தால் நல்ல சில்லையும் கெடுத்திருப்பேன். உங்கள் கடையில் அந்தத் தட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டால் கோபிக்கிற கடைக்குப் போகவேண்டாம்.

மாற்றும்போது நான் விடாமல் பார்க்கும் இன்னொன்று வால்வ். சாதாரண றப்பர் வால்வ் 65 பி.எஸ்.ஐ.க்குத்தான். 80 பி.எஸ்.ஐ. பிடிக்கும் ‘இ’ வகுப்பு ரயருக்கு உயர் அழுத்த வால்வோ, நட்டுப் போட்டு இறுக்கும் உலோக வால்வோ வேண்டும். சில டொலர் பொருள். பழைய வால்விலேயே புது ரயர் ஏற்றிய ட்ரெயிலர்களைக் கண்டிருக்கிறேன்.

ஜக்கை அச்சுக் குழாயின் நடுவில் கொடுக்காதீர்கள், குழாய் வளைந்தால் சில்லுகளின் நேர் போய்விடும். ட்ரெயிலரின் இரும்புச் சட்டத்தில், வில்லுப் பட்டை தொங்கும் இடத்துக்குக் கிட்டக் கொடுங்கள். ட்ரெயிலர் ஆடாமலிருக்க மூலையில் இறக்கும் கால்கள் தூக்குவதற்கல்ல. நட்டுகளை நட்சத்திர ஒழுங்கில் மூன்று தடவையாக இறுக்கவேண்டும்: 14, 15, 16 அங்குலச் சில்லுகளுக்கு முதலில் 20-25, பிறகு 50-60, கடைசியாக 90-120 அடி-இறாத்தல். அதோடு முடியாது. 10, 25, 50 மைலில் நிறுத்தி மறுபடி இறுக்கத்தை அளக்கும் சாவியால் பார்க்கவேண்டும். புது ரிம் தன் இடத்தில் படியும்போது நட்டு இளகும். நான் சொல்லி அனுப்புகிறவர்களில் பாதிப்பேர் இதைச் செய்வதில்லை என்று எனக்குத் தெரியும்.

போன ஆடியில் வந்த ஒருவருடைய கதையைச் சொல்லவேண்டும். கிங்ஸ்ரனுக்குக் கிட்ட 401இல் வலப்பக்கப் பின்ரயர் போயிருக்கிறது. மேலதிக ரயரைப் பூட்டிக்கொண்டு பயணத்தைத் தொடர்ந்தார். முதல் ரயர் போனதை அவர் உணர்ந்து ஓரங்கட்டும் வரைக்கும் அந்தப் பக்கப் பாரத்தை முழுதாகத் தாங்கியது முன்ரயர். அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. இரண்டு மணித்தியாலத்தில் அதுவும் போனது. இந்த முறை உரிந்த பட்டை சில்லுக்கு மேலிருந்த தரையைக் கிழித்து, கட்டிலுக்குக் கீழே போன வயர்களையும் அறுத்துவிட்டது. ரயரின் விலையைப்போல பல மடங்கு செலவு. ஒரு பக்கத்தில் ஒன்று வெடித்தால் அதன் சோடியும் அடிபட்டதுதான். வெளியே காயம் தெரியாவிட்டாலும் இரண்டையும் மாற்றிவிடுவேன்.

கார்த்திகையில் நிறுத்தும்போது பலகை மேல் ஏற்றி, காற்றை நிரப்பி, சில்லுகளை வெயில் படாமல் மூடிவிடுங்கள். அவ்வளவு போதும்.

அண்ணை கடைசியில் நாலையும் மாற்றினார். அரை மனதுடன்தான். கழற்றியதில் ஒன்றை நான் குறுக்கே வெட்டிக் காட்டினேன். பட்டை ஓரத்தில் ஒரு விரல் நுழையும் அளவுக்குப் பிளவு, கம்பியில் துரு. அதைப் படம் எடுத்து மொன்றியலில் இருக்கும் தமையனுக்கு அனுப்பினார், அவரிடமும் ஒரு ட்ரெயிலர் இருக்கிறதாம். நான் கடைசி நட்டை இறுக்கிக்கொண்டிருக்கும்போது போன் சத்தம் கேட்டது. தமையன் பதிலுக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார், சேறு துடைத்த றப்பரில் நாலு இலக்கம்: 1114.