பேத்திக்குக் கெமரா வாங்கப் போகிறவர்கள் முதலில் பெட்டியை வாங்குங்கள்

சேமலாப நிதிக் காசோ சேவைக்காலப் பணமோ கைக்கு வந்ததும், போனில் விதவிதமாகப் படம் எடுக்கும் பேரப்பிள்ளைக்கு ஒரு நல்ல கெமரா வாங்கிக் கொடுக்க ஆசைப்படும் தாத்தா பாட்டிமார் மலையகத்தில் இருக்கிறார்கள். கடையில் அவர்களுக்குச் சொல்லப்படுவது எத்தனை மெகாபிக்சல், எத்தனை மடங்கு சூம் என்ற இரண்டு கணக்குத்தான். இந்த மலையில் கெமராவைக் கெடுப்பது எது என்று யாரும் சொல்வதில்லை. ஈரம்தான் கெடுக்கிறது. எந்தக் கெமரா என்று யோசிக்கும் முன்பே, அதை வீட்டில் எங்கே வைக்கப் போகிறோம் என்று யோசித்துவிட வேண்டும்.

நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை சுவரே வியர்க்கும். பதுளை, பண்டாரவளைப் பக்கம் அதே நிலை ஐப்பசியில் தொடங்கித் தை வரைக்கும். காற்றில் ஈரப்பதன் 60 வீதத்தைத் தாண்டி நாட்கணக்கில் நின்றால் லென்ஸின் உள்ளே பங்கஸ் முளைக்கத் தொடங்கும். முதலில் ஊசிமுனைப் புள்ளி. பிறகு அதிலிருந்து வெள்ளை நூல்கள் கிளைவிட்டு, பனி பிடித்த சிலந்தி வலை மாதிரிப் பரவும். கண்ணாடியில் படிந்த தூசியையும் எண்ணெய்ப் பசையையும் தின்று வளரும் அது, வெளியிடும் அமிலத்தால் கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிடும். ஆரம்பத்திலேயே கொண்டுபோனால் லென்ஸைக் கழற்றித் துடைத்து எடுத்துவிடலாம். பூச்சு அரித்த பிறகு துடைத்தால் நூல் போகும், தடம் போகாது. வெயிலுக்கு எதிரே எடுக்கும் படமெல்லாம் வெளிறிப்போகும்.

வைகாசியில் பையோடு அலுமாரிக்குள் வைத்து, தீபாவளிக்கு வெளியே எடுக்கும் கெமராவுக்குத்தான் இது அதிகம் நடக்கிறது. கெமராப் பையை எல்லோரும் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். அது தூக்கிக்கொண்டு போவதற்கு மட்டும். அதன் உள்ளே இருக்கும் ஸ்பொஞ்ச் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். மூடிய இருட்டும் சேர்ந்தால் பங்கஸுக்கு வேறென்ன வேண்டும்? லயத்தில் விறகு அடுப்பு எரியும் வீடாக இருந்தால், புகைக்கரி லென்ஸில் மெல்லிய எண்ணெய்ப் படலமாகப் படிந்து அதற்குச் சாப்பாடும் போடும்.

ஆகவே முதல் செலவு ஒரு பெட்டி. மூடியின் ஓரத்தில் ரப்பர் வளையம் வைத்து, நாலு பக்கமும் கொக்கி போட்டு இறுக்கும் 10 லீற்றர் பிளாஸ்டிக் பெட்டி போதும். உள்ளே 200 கிராம் சிலிக்கா ஜெல்லைத் துணிப்பையில் கட்டிப் போடுங்கள். கூடவே கைக்கடிகாரம் அளவிலான சிறிய ஈரப்பதன் மானி ஒன்றும் வேண்டும். முள் 40க்கும் 50க்கும் இடையில் நிற்பதுதான் நல்ல நிலை. 30க்குக் கீழே மாதக்கணக்கில் கிடந்தால் ரப்பரும் உள்ளே இருக்கும் கிரீஸும் காய்ந்துவிடும்.

மலிவான மானிகள் பொய் சொல்லும். சோதிக்க ஒரு வழி இருக்கிறது. சோடாப் போத்தல் மூடியில் உப்பு நிரப்பி, சில சொட்டுத் தண்ணீர் விட்டு, ஈர மணல் பதத்துக்குக் குழையுங்கள். கரைந்துவிடக் கூடாது. மூடியையும் மானியையும் காற்றுப் போகாத பையில் ஒன்றாகப் போட்டு 12 மணித்தியாலம் விட்டால் மானி 75 காட்ட வேண்டும். 81 காட்டினால், அந்த மானி எப்போதும் 6 கூட்டிச் சொல்கிறது என்று பெட்டி மூடியிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

சிலிக்கா ஜெல் ஈரம் குடித்ததும் நிறம் மாறும். நீலம் என்றால் இளஞ்சிவப்பாகும், செம்மஞ்சள் என்றால் பச்சையாகும். சமைக்காத பழைய சட்டியில் போட்டு, சிறு நெருப்பில் கிளறிக்கொண்டே வறுத்தால் பழைய நிறம் திரும்பும். ஆறிய பிறகு பெட்டியில் போடுங்கள். நீலத்தில் இருக்கும் கோபால்ட் உப்பு நஞ்சு. அந்தச் சட்டியில் பிறகு சமைக்கக் கூடாது, சின்னப் பிள்ளைகள் கையிலும் படக் கூடாது. கிடைத்தால் செம்மஞ்சளையே வாங்குங்கள். சிலிக்காவுக்குப் பதிலாக அரிசி போடுகிறவர்கள் உண்டு. அரிசி ஈரத்தை இழுப்பது சொற்பம், அதன் மாவுத்தூள் லென்ஸ் வளையத்துக்குள் இறங்கிவிடும். பாச்சை உருண்டையும் வேண்டாம், அதன் ஆவி கண்ணாடியில் படியும்.

பெட்டிக்கான காசை ஒதுக்கியாயிற்று, இனிக் கெமரா. பெரிய சூம் உள்ள, லென்ஸ் கழற்ற முடியாத கெமராவைக் கடைக்காரர் முதலில் காட்டுவார். சிவனொளிபாதமலையை முற்றத்துக்கே இழுத்து வரும் என்பார். இழுக்கும்தான். ஆனால் அந்த வகையில் பெரும்பாலானவற்றின் சென்சர், அதாவது ஒளியைப் படமாக்கும் சில்லு, ஏறத்தாழ 6.2க்கு 4.6 மில்லிமீற்றர். லென்ஸ் மாற்றக்கூடிய ஆரம்பநிலைக் கெமராக்களில் இருப்பது நிக்கொனில் 23.5க்கு 15.6, கெனனில் 22.3க்கு 14.9. பரப்பில் கிட்டத்தட்ட 12 மடங்கு. பனிமூட்டத்திலும் இருண்ட அறையிலும் அந்தச் சின்னச் சென்சரின் படம் மணல் தூவியது போல வரும். போனைவிடப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

புதிதாக வாங்குவதென்றால் இன்று மிரர்லெஸ், அதாவது உள்ளே ஒளியைத் திருப்பும் ஆடி இல்லாத வகைதான் முறை. கெனன் ஆர்50 (2023) சிறியது, திரையைத் திருப்பலாம், தொட்டும் இயக்கலாம். அதே ஆண்டு வந்த ஆர்100 விலை குறைவு, ஆனால் திரை திரும்பாது, தொடுதிரையும் இல்லை. போனில் பழகிய பிள்ளைக்கு அது பெரிய குறையாகத் தெரியும். காசு குறைவென்றால் பாவித்த டிஎஸ்எல்ஆர் (ஆடி உள்ள பழைய வகை) தாராளமாக வாங்கலாம். கெனன் 200டி (2017), நிக்கொன் டி3500 (2018), டி5600 (2016) மூன்றிலும் 24 மெகாபிக்சல், மூன்றும் பழகுவதற்கு நல்லவை. பிள்ளைக்கு வீடியோவிலும் ஆசை இருக்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே கேளுங்கள். டி3500இல் வெளி மைக் செருகத் துளையே கிடையாது; 200டியில் உண்டு. இன்னொன்று: டி3500, டி5600 இரண்டிலும் குவியமாக்கும் மோட்டார் உடலுக்குள் இல்லை. உள்ளே மோட்டார் இல்லாத பழைய நிக்கொன் லென்ஸை மலிவாகக் கிடைத்ததென்று வாங்கினால் கையால்தான் திருப்ப வேண்டும்.

லென்ஸில்தான் அதிகம் பேர் தவறிவிடுகிறார்கள். டிஎஸ்எல்ஆரோடு வரும் 18-55 லென்ஸ் பகல் வெளிச்சத்துக்குப் போதும் (இந்த எண் மில்லிமீற்றரில் குவியத் தூரம்; அது கூடக் கூடப் படத்தில் பிடிபடும் இடம் குறுகும்). இரண்டாவதாக எல்லோரும் சொல்வது 50 மில்லிமீற்றர், எஃப் 1.8 (எஃப் எண் குறையக் குறைய உள்ளே வரும் வெளிச்சம் கூடும்). விலை குறைவு, முகம் அழகாக வரும், பின்னணி கரையும். 18-55இன் நீண்ட முனையில் எஃப் 5.6தான், அதைவிட ஏறத்தாழ 10 மடங்கு வெளிச்சத்தை இது உள்ளே விடும். ஆனால் லயன் காம்பராவுக்குள் அளந்து பாருங்கள். சுவரோடு சுவராக நின்றால் 10 அடி, அதாவது 3 மீற்றர். கெனன் ஆரம்பநிலைக் கெமராவில் 50 லென்ஸ் அந்தத் தூரத்தில் பிடிப்பது 1.3 மீற்றர் அகலம், 90 சென்ரிமீற்றர் உயரம். பாட்டியின் முகமும் தோளும் வரும். அடுப்படி வராது, பக்கத்தில் இருக்கும் தங்கச்சி வரமாட்டாள். அதே இடத்தில் 24 லென்ஸ் 2.8 மீற்றர் அகலத்தைப் பிடிக்கும். நிக்கொனில் 35 எஃப் 1.8 போட்டால் 2 மீற்றர். ஆகவே வீட்டையும் மனிதர்களையும் எடுக்கும் பிள்ளைக்கு கெனன் டிஎஸ்எல்ஆரில் 24 எஃப் 2.8, ஆர்50இல் 28 எஃப் 2.8, நிக்கொனில் 35 எஃப் 1.8 என்பதுதான் எங்கள் பரிந்துரை.

50க்கு இடம் வேறு. மாசியில் காமன் பொட்டலில் தப்பு முழங்க, தீப்பந்த வெளிச்சத்தில் ஆடுகிறவர்களைத் தள்ளி நின்று எடுக்க அதைவிட மலிவான நல்ல லென்ஸ் இல்லை. எஃப் 1.8, ஷட்டர் (ஒளிக்குத் திறந்து மூடும் கதவு) 1/125 விநாடி, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 3200இல் தொடங்கினால் முகம் தெரியும்.

பாவித்த கெமரா பார்க்கப் போகும்போது டோர்ச்சும் வெற்று மெமரி கார்டும் கொண்டுபோங்கள். லென்ஸைக் கழற்றி, பின்பக்கத்தில் இருந்து டோர்ச்சைச் சாய்த்து அடித்து, முன்பக்கத்தால் பாருங்கள். நேராக அடித்தால் ஒளி கண்ணைக் கூசும், ஒன்றும் தெரியாது. மெதுவாகச் சாய்த்துக்கொண்டே வந்தால் ஒரு கோணத்தில் உள்ளிருக்கும் அத்தனையும் மின்னும். இரண்டு மூன்று தூசி இருந்தால் பரவாயில்லை. நூல் மாதிரி ஏதாவது தெரிந்தால் விலை குறைத்தாலும் வேண்டாம். பிறகு எஃப் 16 வைத்து வெள்ளை வானத்தைக் குவியம் கலைத்து எடுத்துத் திரையில் பெரிதாக்குங்கள். கறுப்புப் புள்ளிகள் சென்சரின் தூசி, சுத்தம் செய்யலாம். கோடோ கீறலோ தெரிந்தால் விட்டுவிடுங்கள். பெட்டரி அறையைத் திறந்து செப்புத் தகடுகளைப் பாருங்கள். பச்சை பூத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது.

ஷட்டர் எத்தனை தடவை அடித்திருக்கிறது என்பது முக்கியம். டி3500இன் ஷட்டர் 100,000 தடவைக்குச் சோதிக்கப்பட்டது. கலியாண ஸ்டூடியோவில் உழைத்த கெமரா வெளியே பளபளவென்று இருந்துகொண்டு அந்த எல்லையைத் தாண்டியிருக்கலாம். நிக்கொன் அந்த எண்ணைப் படக்கோப்பிலேயே எழுதிவிடும். எடுத்த படத்தைத் திருத்தாமல் அப்படியே கணினியில் ஏற்றி விவரம் பார்த்தால் வரும். கெனனில் பெரும்பாலும் வயர் செருகித் தனி மென்பொருளால்தான் பார்க்க வேண்டும். விற்பவர் அதைக் காட்டத் தயங்கினால் அவசரப்படாதீர்கள்.

மெமரி கார்ட் 64 ஜிபி, வீ30 (V30, வீடியோ வேகக் குறி) என்று போட்டது ஒன்று போதும். போலி கார்டுகள் 64 என்று எழுதிக்கொண்டு உள்ளே 8தான் வைத்திருக்கும், நிரம்பிய பிறகு எடுக்கும் படமெல்லாம் காணாமல் போகும். வாங்கிய அன்றே கார்ட் நிரம்ப வீடியோ எடுத்து, எல்லாம் திறக்கிறதா என்று பாருங்கள். மிரர்லெஸ் என்றால் இரண்டாவது பெட்டரி கட்டாயம்.

கொடுக்கும் முன் சில அமைப்புகளைச் சரிசெய்து வைத்தால் பிள்ளை முதல் வாரத்திலேயே சலித்துப்போகாது. பனிமூட்டத்தைக் கெமரா சாம்பல் நிறமாகத்தான் எடுக்கும், ஏனென்றால் வெள்ளையாகத் தெரிவதையெல்லாம் நடுத்தரச் சாம்பலுக்கு இறக்கிவிடுவது அதன் கணக்கு. வெளிச்சத் திருத்தத்தை +1க்குத் தள்ளினால் பனி பனியாக வரும். வெளுத்த வானத்துக்கு முன்னால் நின்று கொழுந்து பறிக்கிறவர்களின் முகம் கறுத்துப்போகாமல் இருக்கவும் அதே +1தான். நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். மலிவான எல்ஈடி பல்ப் விநாடிக்கு 100 தடவை துடிக்கும். வீட்டுக்குள் எடுத்த படத்தில் பட்டை பட்டையாக இருள் விழுந்தால் கெமராவில் பழுது என்று நினைக்காமல் ஷட்டரை 1/50 அல்லது 1/100க்கு இறக்கச் சொல்லுங்கள். வீடியோ அமைப்பைப் பால் (PAL) என்ற, 50 ஹேர்ட்ஸ் நாடுகளுக்கான முறைக்கு மாற்றி 25 பிரேமில் வையுங்கள்.

தாத்தா கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு "மங்கலாத்தான் தெரியுது" என்றால் பழுதென்று கடைக்கு ஓட வேண்டாம். கண் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் மிளகு அளவில் ஒரு சக்கரம் இருக்கும். அதைத் திருப்பினால் உள்ளே தெரியும் எண்கள் துல்லியமாகும். அது பார்க்கிறவரின் கண்ணுக்கான திருத்தம். பேத்தி மூக்குக்கண்ணாடி போட்டால் அவள் மறுபடி திருப்பிக்கொள்வாள்.

மலைத்தூறலில் நனையாத வகை இந்த விலையில் கிடையாது. சொப்பிங் பேக்கில் லென்ஸுக்கு ஓட்டை போட்டு ரப்பர் பேண்டால் கட்டினாலே ஒரு மணிநேரம் தாங்கும். குளிரிலிருந்து கொழும்புக்கு இறங்கும் நாளில் கெமராவைப் பொலித்தீன் பைக்குள் இறுகக் கட்டி, அங்கே போய் ஒரு மணித்தியாலம் கழித்துத் திறக்க வேண்டும். உடனே திறந்தால் குளிர்ந்த கண்ணாடியில் கடற்கரைக் காற்றின் ஈரம் பூத்துவிடும். தண்ணீர் உள்ளே போய்விட்டால் ஓன் பண்ணிப் பார்க்காதீர்கள். பெட்டரியைக் கழற்றிவிட்டு அப்படியே சர்விஸுக்குக் கொண்டுபோங்கள்.

வயது போன பிறகு கெமராவா என்று தயங்கும் பாட்டிமாருக்கும் ஒரு செய்தி. பிரித்தானியப் படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கெமரனுக்கு முதல் கெமராவை 1863 டிசெம்பரில் மகளும் மருமகனும்தான் பரிசாகக் கொடுத்தார்கள். அப்போது அவருக்கு வயது 48. உலகப் புகழ் பெற்ற அவர் 1875இல் இலங்கைக்கு வந்தார், இங்கேயும் உழைக்கும் மக்களைப் படம் எடுத்தார், 1879இல் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் காலமானார். கல்லறை பொகவந்தலாவைத் தேவாலயத்தில் இருக்கிறது. பேத்தி படம் எடுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் பழகலாம்.

பரிசைக் கையில் கொடுக்கும் நாளில் கெமராவின் அடியில் இருக்கும் தொடர் இலக்கத்தையும் லென்ஸின் இலக்கத்தையும் ஒரு கொப்பியில் எழுதி, பற்றுச்சீட்டை அதோடு ஒட்டி வையுங்கள். களவு போனால் பொலிஸில் முதலில் கேட்பது அந்த இலக்கத்தைத்தான். அதே கொப்பியின் அடுத்த பக்கத்தில் சிலிக்கா ஜெல் வறுத்த திகதியைப் பேத்தியே எழுதட்டும்.